அஞ்சலைக்கு இல்லாத நோய்

எனக்கு வந்த நோயை என் மனைவிக்கு வந்ததாக ஊரை நம்ப வைத்தேன். நான்தான் செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தைராய்டுதானே, இதற்கா இவ்வளவு என்று நீங்கள் சிரிக்கலாம்... சிரியுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்!

என் பெயர் ஏழுமலை. செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூசுகிறவன் நான்.

முதலில் கை நடுங்கியது. மார்கழிக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. வயிறு நிறையத் தின்றேன், உடம்போ கரைந்துகொண்டே போனது. என் கையில் டீ கிளாஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு, என்னோடு மூட்டை தூக்கும் கோவிந்தன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இன்னா மாமா, விடியறதுக்குள்ளயே கட்டிங்கா? எங்களுக்கும் ஒரு வாய் ஊத்தறது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடிகாரன் என்ற பேச்சு எனக்கு வலிக்கவில்லை. அது ஆண்பிள்ளைக்கு வருகிற பேச்சு அல்லவா!

திண்டிவனத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கழுத்திலிருக்கும் சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறது, அதைக் குறைக்க மாத்திரை என்றார். வெளியே பெஞ்சு முழுக்கப் பெண்கள். பக்கத்திலிருந்த அம்மா, "வூட்டுக்காரம்மா உள்ள போயிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன். வாய் திறக்காமலே சொன்ன முதல் பொய் அது...

மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையை எடுத்துக்கொண்டு செஞ்சியில் தெரிந்த மருந்துக்கடைக்குப் போனேன்.

"தைராய்டு மாத்திரையாச்சே. யாருக்குண்ணே, அண்ணிக்கா?" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "ஆமா" என்றேன்.

இரண்டே எழுத்து. அதைத் திரும்ப வாங்க எத்தனை முறை வாய்ப்பு வந்தது! ஒரு முறையாவது வாங்கினேனா?

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அஞ்சலையை விசாரித்திருக்கிறார்கள். வெறுங்குடத்தோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"எனக்கு இன்னாவோ நோயாமே?"

நடந்ததைச் சொன்னேன். பெண்களுக்கு வருகிற நோய் எனக்கா என்று கூச்சமாக இருந்தது என்றேன். குடத்தைக் கீழே வைத்தாள். "சரி வுடு. ரெண்டு நாள் பேசுவாளுங்க, அப்புறம் மறந்துடுவாளுங்க" என்றாள்.

மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை. மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்து வைத்து மண்டியில் போய் யாரும் பார்க்காமல் விழுங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவளையும் கூட்டிப்போனேன். பார்க்கிறவர்கள் நினைப்பதை நினைத்துக்கொள்ளட்டும் என்று! எங்கள் ஒரே மகள் கௌசல்யாகூட அம்மாவுக்குத்தான் நோய் என்று நம்பினாள்.

சில மாதங்களில் எல்லாம் தலைகீழானது. முகம் வீங்கியது. சித்திரை வெயிலில் போர்வை தேடினேன். மூட்டைமேல் சாய்ந்தால் அப்படியே தூங்கிப்போனேன். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா, சுரப்பது இப்போது குறைந்துவிட்டது, பழைய மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். அடுத்த முறை வேறு மாத்திரை, இது கூட்டுவதற்கு. அதற்கடுத்த முறை அளவை ஏற்றினார். பிறகு இறக்கினார். பிறகு மறுபடியும் ஏற்றினார்... எந்த மருந்தை நம்புவது? எந்த உடம்பு என்னுடையது?

ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டேன். "அங்க ஜாஸ்தின்னாங்க. இங்க கொறைவுன்றீங்க. எதும்மா நெசம்?"

"ரெண்டுமே நெஜம்தான். உங்க உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தியே அந்தச் சுரப்பியை எதிரின்னு நெனச்சு அடிக்குது. மொதல்ல அடிபட்டப்ப உள்ளே இருந்ததெல்லாம் மொத்தமா வெளியே கொட்டிச்சு. இப்போ கொட்டறதுக்கு ஒண்ணுமில்ல. மாத்திரையை விட்டுடாதீங்க. சரியான அளவு பிடிபட நாளாகும்."

காப்பாற்ற வேண்டியதே அடிக்கிறது... அவர் அதைச் சொன்னபோது என் சுரப்பி எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

அப்போதாவது ஊரில் உண்மையைச் சொன்னேனா? இல்லை.

கௌசல்யாவுக்குப் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் நல்ல பையன். இவளுக்கும் பிடித்திருந்தது. பூ வைக்க நாள் பார்க்கும் நேரத்தில் என் அக்கா முனியம்மா வந்தாள். அவள் மூலமாகத்தான் அந்தச் சம்பந்தம் வந்திருந்தது.

"வேணான்னுட்டாங்கடா தம்பி. பொண்ணோட அம்மாக்குத் தைராய்டாமே, பொண்ணுக்கும் வரும், புள்ள தங்காதுன்றாங்க." பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினாள். "ஏண்டி, கல்யாண வயசுல பொண்ண வெச்சிக்கினு ஊரு பூரா தெரியற மாதிரியாடி வைத்தியம் பாப்ப?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை.

நான் தரையைப் பார்த்தேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மருந்துக்கடையில் சொன்ன பொய்யைக் கூச்சம் என்று தள்ளிவிடலாம். இது கூச்சமா? கூச்சத்துக்கு இவ்வளவு கல் நெஞ்சு உண்டா? உள்ளே கௌசல்யா அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் வாய் திறக்கவில்லை!

அதன்பிறகு கௌசல்யாவுக்கு முடி கொட்டியது. எப்போதும் சோர்ந்தே கிடந்தாள். திண்டிவனத்தில் புதிதாக ஒரு டாக்டரிடம் மூவருமாகப் போனோம். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று அவர் கேட்டார்.

"எங்கம்மாக்கு இருக்குதுங்க" என்றாள் கௌசல்யா.

"அப்போ அவங்களுக்கும் இப்பவே ரத்தம் எடுத்துடலாம்."

அஞ்சலை மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். தனக்கில்லாத நோய்க்கு, எனக்காக, ரத்தம் கொடுக்க! நர்ஸ் ஊசியைப் பிரித்தாள்.

"அவளுக்கு இல்லீங்க... எனக்கு."

அது என் குரல்தானா? டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பாவுக்கா? சரி, என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டே போனார். அவ்வளவுதான்! நான் இத்தனை காலம் பயந்தது இதற்குத்தான்!

கௌசல்யாதான் என்னைப் பார்த்தாள். "அப்ப அத்தை வந்து சொன்னாங்களே, அன்னிக்கு இன்னா பண்ணிங்க நைனா?"

அவளுக்கு வெறும் ரத்தச்சோகைதான் என்று தெரிந்தது. வருஷம் ஒருமுறை தைராய்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அன்றே முடிவு செய்தேன். எங்கெல்லாம் பொய் போனதோ அங்கெல்லாம் நானே போவேன்.

மருந்துக்கடையில் கூட்டமான நேரம் பார்த்துப் போனேன். "தம்பி, இந்த மாத்திரை எனக்கு. எனக்குத்தான் தைராய்டு. அஞ்சலைக்கு ஒண்ணுமில்ல" என்றேன். கடைக்காரர் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "புரியுதுண்ணே. பொண்ணு கல்யாணம்... இனிமே நாங்களும் அப்டியே சொல்லிடறோம்."

மண்டியில் எல்லோரும் டீ குடிக்கும்போது நடுவில் நின்று மாத்திரையை விழுங்கினேன். "அஞ்சலக்கா மேல அவ்ளோ பாசமா மாமா? நடிப்பு வேற லெவல்!" என்றான் கோவிந்தன்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது அஞ்சலையை வைத்துக்கொண்டே சொன்னேன். அக்காவின் கண் கலங்கியது. என் கன்னத்தைத் தடவினாள்.

"பொண்டாட்டி பழிய உன் தலையில போட்டுக்கறியே... உன்ன மாதிரி புருஷன் எவளுக்குடா கிடைப்பான்!"

அஞ்சலை சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததேயில்லை.

"கேட்டியா? இதுலயும் உனக்குத்தான் நல்ல பேரு."

பொய்யை ஒரு வார்த்தையில் நம்பிய ஊர், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறது. நான் விடப்போவதில்லை. நாளை காலை ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு அனந்தபுரம் போகிறேன். அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. கெட்டுப்போன சம்பந்தத்தை ஒட்டவைக்க நான் போகவில்லை. அவர்கள் அஞ்சலையைப் பற்றி நினைத்தது தவறு என்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் மறுபடியும் போவேன்.

நீயும் வா என்று அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ போய்ட்டு வா. எனக்கு வேல இருக்குது" என்றாள்.