ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தீர்களா?

“படிச்ச புள்ளதான். ஆனா நீ பிரேக்குல கைவச்ச வண்டியில நான் ஏற மாட்டேம்மா” என்றார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், ஆட்டோமொபைல் டிப்ளமோ! அப்பாவின் பழைய காரின் முன்சக்கரங்களுக்கு, பிரேக் போடும்போது கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பெரிதாக நானே மாட்டினேன். பிரேக் அபாரமாகப் பிடித்தது.

ஐந்தாம் நாள், அப்பாவுடன் பாபநாசம் சாலையிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஒடித்துத் திருப்பினேன். பெடல் தரைவரை இறங்கியது!

“ஐயோ, தண்ணி!” அப்பா கத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கரை விளிம்பில் கார் நின்றது.

காலிப்பருக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸை, சக்கரத்தை நேராக வைத்தே பொருத்தியிருந்தேன். திருப்பும்போதெல்லாம் டயர் உரசி, ஹோஸ் அறுந்து ஆயில் ஒழுகிவிட்டிருந்தது. இப்போது ஸ்டியரிங்கை இருபுறமும் முழுசாக ஒடித்து, ஹோஸ் எதிலும் படவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.

நடந்ததைச் சித்தப்பாவிடம் மறைக்கவில்லை. “தப்ப நீயே சொன்ன பாரு, அதான் என் வண்டிக்கும் பிரேக் மாத்த உங்கிட்டயே வந்தேன்” என்றார். அவர் கார் இப்போது என் ஜாக்கியில் நிற்கிறது. நான் ஹோஸைப் பார்க்க, ஸ்டியரிங்கை ஒடிப்பவரும் அவரே!