கொடி கையில் இருக்கும்போது

ஜூன் மாதக் கடைசியில் அப்பாவின் வெள்ளைக் கையுறைகளைத் துவைப்பது என் வேலை. அவற்றை மெஷினில் போடக்கூடாது. கையால் கசக்கி, நிழலில் காயவிட்டு, விரல் விரலாக இழுத்து மடிக்க வேண்டும். இடது கைப் பெருவிரலில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்துக் கறை. புதுச்சோடி வாங்கிக் கொடுத்தால் அப்பா மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுவார். "உதிலை கொஞ்சம் வடிவாத் தேய், பிள்ளை" என்று இந்த வருடமும் இப்போதிருக்கும் மார்க்கம் நகர வீட்டுக் குசினி வாசலில் நின்று சொன்னார். தேய்த்தேன். போகவில்லை. போகாது என்று அவருக்கும் தெரியும்.

அந்தக் கறை வந்தபோது நாங்கள் கனடாவில், பார்க்டேல் பகுதியில், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார். அங்கே இளம் பெடியன்களைப் பொலிஸ் எந்த நேரமும் பிடித்துக்கொண்டு போகலாம். தொலைபேசி மணி அடித்தால் அம்மா முதலில் சிலுவை போடுவார், பிறகுதான் எடுப்பார்.

எங்கள் கோயிலில் கத்தோலிக்க ஆண்களின் சகோதர சபை ஒன்று இருந்தது. அநேகமானோர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவர்கள். ஒருவர் தீயணைப்புக்காரராக இருந்தவர், ஒருவர் ஸ்ட்ரீட்கார் ஓட்டியவர். விசேட நாட்களில் தோளில் போர்வையும் இடுப்பில் வாளுமாக வந்து நிற்பார்கள். தலைவர் இறகு வைத்த தொப்பி போடுவார். அம்மா அவருக்கு வைத்த பெயர் 'சேவல்'.

ஆனால் சேவல் கூவினால் விடிந்தது. கோயிலுக்கு முன்னால் வீதியைக் கடக்க விளக்கு வந்தது அந்தச் சபையால்தான். ஒரு குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்தில் ஹீட்டிங் நின்றுபோய், நாங்கள் ஜக்கெட்டோடு படுத்தோம். அம்மா கோயிலில் அழுததைப் பார்த்துத் தலைவர் நகரசபை உறுப்பினரின் வீட்டுக்குப் போன் பண்ணினார். பொழுதுபட முதல் குழாய்கள் சுட்டன. அன்றிரவு அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நீங்களும் உந்தச் சபையிலை சேருங்கோ. எம்.பி.யும் இவையின்ரை ஆள்தானாம். ஒரு சொல்லுச் சொன்னால் தம்பி வந்திடுவான்."

அப்பாவைச் சேர்த்துவிட்டது அம்மா என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு அம்மா அதை மறந்துவிட்டார்.

சபையில் ஒவ்வொரு கூட்டமும் கனேடியக் கொடியோடு தொடங்கும். கொடி உள்ளே வர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், பிறகு செபம், பிறகு தேசிய கீதம், அதுவும் இரண்டு மொழியில். மாமாவுக்காகப் போன அப்பா, போன இடத்தில் கொடியோடு ஒட்டிக்கொண்டார். கிழவர்களுக்கு முழங்கால் நோவு, தூக்கிக்கொண்டு நடக்க ஆள் தேவை. அப்பாவுக்கு வெள்ளைக் கையுறை கிடைத்தது. கொடிக்கம்புக்குப் பதிலாகத் வீடு கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு வீட்டு ஹோலுக்குள் நடந்து பழகினார். பிரெஞ்சு வரிகளை நான்தான் பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொல்லிக் கொடுத்தேன். சவரம் செய்யும்போதும் பாடுவார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும்.

"ஊரிலை ஆமி கொடி பிடியெண்டு வந்தாலும், இயக்கப் பெடியள் பிடியெண்டு வந்தாலும் வயித்துக்குத்தெண்டு சுருண்டு படுத்த மனுசன்" என்று அம்மா சுவருக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். "மந்திரி வாறாரெண்டு ஒருக்கா இவரை ஆமி இழுத்துக்கொண்டு போய்க் கொடியைக் குடுத்து, ஒரு பகல் முழுக்க வெய்யிலிலை நிப்பாட்டினவங்கள். வந்து ஒரு கிழமை கதைக்கேல்லை. இஞ்சை பார், சும்மா பிடிக்கிறார்!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுருண்டு படுத்த அப்பாவை நினைக்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கனடா தினமான ஜூலை முதலாம் திகதிக்குக் கிட்டிய ஞாயிறு. பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் கொடி, கீதம், பான்கேக். எம்.பி. வருவார். அவரிடம் சொல்ல ஒரேயொரு ஆங்கில வாக்கியத்தை அப்பாவும் நானும் பழகியிருந்தோம். சேர், என் மனைவியின் தம்பி ஆபத்தில் இருக்கிறான், தயவுசெய்து உதவுங்கள். அப்பா அதை நித்திரையிலும் சொல்வார்.

அப்பா கொடியோடு முன்னால் நின்றார். கீதம் தொடங்கியது. பிரெஞ்சுப் பகுதி வந்ததும் கிழவர்கள் எல்லோரும் மீன்போல வாயைத் திறந்து மூடினார்கள். அப்பாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது, ஒரு சொல்லும் பிசகாமல். எம்.பி. திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் நேரே அப்பாவிடம் வந்தார். அற்புதமாகப் பாடினீர்கள், குடும்பம் சுகமா, உங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். கடவுள் இதைவிட எப்படி வாசலைத் திறப்பார்!

அம்மா என் தோளை நசித்தார்.

அப்பா கொடிக்கம்பை இன்னும் நிமிர்த்திப் பிடித்தார். "நோ, சேர். தாங்க்யூ, சேர். எவ்ரிதிங் குட்" என்றார்.

எம்.பி. சந்தோஷமாகச் சிரித்து, கைகுலுக்கி, இரண்டு வாய் பான்கேக் சாப்பிட்டு, இன்னொரு கோயிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "வாய்க்குள்ளை கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்? அந்தாள் தானே வந்து கேக்குது!" என்றார்.

"கொடி கையிலை இருக்கேக்கை எப்பிடியப்பா கேக்கிறது?" என்றார் அப்பா அம்மாவிடம்.

"மற்றக் கை சும்மாதானே இருந்தது!"

அடுத்த நாள் அப்பா வேலைக்கு லீவு போட்டு, சாதாரணச் சேட் அணிந்து எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார். சேவலும் தொப்பியில்லாமல் கூடப் போனார். சொன்னார்கள், எழுதினார்கள், விசா நகர்ந்தது. ஆனால் அதற்கிடையில் கொழும்பில் பொலிஸ் மாமாவைப் பிடித்து அடைத்துவிட்டது. வெளியே வந்த மாமாவுக்கு ஒரு காதில் கேட்காது. பனி கொட்டும் நாளொன்றில் வந்து சேர்ந்தார். அன்று கேட்டிருந்தால் முதலே வந்திருப்பாரா, ஒரு நாளில் என்ன வித்தியாசம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். சாகும்வரைக்கும் தெரிந்தது. மாமா மட்டும் இதைப் பகிடியாக்கிவிட்டார். இப்போதும் ஒஷாவாவிலிருந்து ஜூலை முதலாம் திகதிக்கு வருவார். அப்பா தண்ணீர் கேட்டால்கூட, "அத்தான், கொடியைக் கீழை வைச்சிட்டுக் கேளுங்கோ" என்பார். அப்பா சிரிக்கமாட்டார். நானும் சிரிப்பதில்லை. எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிறு காலையில் அம்மா பார்க்காத ஒன்று இருக்கிறது. எல்லோரும் மண்டபத்துக்குள் சாப்பிடப் போனபிறகும் அப்பா முற்றத்தில் கொடியோடு தனியே நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போய் அந்தாளைக் கூட்டிக்கொண்டு வா" என்று என்னை அனுப்பினார். பான்கேக் முடிந்துவிடுமே என்ற பயத்தில் நான் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அப்பா கம்பை வலது கைக்குள் அணைத்தபடி, கையுறையைக் கழற்றாமலே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். சிரப் இடது பெருவிரலில் வழிந்தது.

"ஊத்தையாகுது அப்பா. இனி ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? எல்லாரும் போட்டினம்."

அப்பா மேலே பார்த்தார். காற்று இல்லை. கொடி சும்மா தொங்கியது.

"ஒருத்தரும் பிடிக்கச் சொல்லேல்லை, பிள்ளை" என்றார்.

"அப்ப, கீழை வையுங்கோவன்!" என்றேன் நான்.