உழவு நின்ற பதினோரு நாள்

விதைக்கடைக்காரருக்கு எங்கள் வீடு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் என் இரண்டாவது பெண்ணை, ஒன்பது மாதக் குழந்தையை, பிள்ளையில்லாத அவர் தங்கைக்குக் கொடுத்துக் கடனைக் கழித்துக்கொள்வதென்று என் மாமியார் பேசி முடித்திருந்தாள்.

"உங்க ஊரு செம்மண்ணு. பொண்ணுங்க களை கொத்திச் சம்பாதிப்பாங்க. இது களிமண்ணுடி, இங்க டிராக்டர்தான் சோறு போடும். பொண்ணு ஒண்ணு போதாதா?"

அந்தத் தெருவில் பத்துப் பையன்கள் விளையாடினால் பெண் குழந்தைகள் ஆறு பேருக்கு மேல் இருக்காது. அவள் ஒருத்தி மட்டும் போட்ட கணக்கில்லை அது.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. களை போக வரிசைக்கிடையே உழப் போன என் வீட்டுக்காரரின் பழைய டிராக்டர், பண்ணைக்காரரின் சோள வயலில் அச்சுவரை புதைந்தது. களை பயிரை மூடியது; பண்ணைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத நான்தான் அவர் முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றால் அந்தத் துணிச்சல்தான்.

"பத்துப் பொம்பளைங்களோட நான் இறங்குறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூத்தி இருபது. கடைசியில மொத்தமா குடுங்க, ஆனா அவங்கவங்க கையில."

"டிராக்டரே மாட்டிக்கிச்சு. நீ என்ன கிழிப்ப?"

"டிராக்டர் என்னைவிட கனம்ங்க."

அந்தப் பெண்கள் களைக்கொத்து பிடித்ததே இல்லை. முதல் நாள், கொத்திய களையை முன்னால் நடந்து மிதித்தே திரும்பச் சேற்றில் நட்டார்கள். பின்னோக்கி நடந்து கொத்தச் சொல்லிக்கொடுத்தேன். என்னைத் தவிர அங்கே யாருக்குத் தெரியும்? பதினோராம் நாள் வயல் சீவி விட்ட தலைபோல் இருந்தது.

மறுநாள் கடன் தவணை முடிகிறது. கூலி மேசைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எந்தக் கூலியும் ஆண் கைக்குப் போவதுதான் அங்கே வழக்கம்.

"பேரிங் போயிடுச்சு. முதல்ல டிராக்டரைப் பார்ப்போம்."

"பாப்பாவை?" என்றேன்.

அவர் கையை இன்னும் முன்னால் நீட்டினார். பண்ணைக்காரர் என்னிடம் பேசியதை மறந்து நோட்டுகளோடு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இடுப்பு ஒடிஞ்சது யாருக்குங்க? அவருக்கா?" என்று பண்ணைக்காரரைக் கேட்டேன்.

வரிசையில் ஒருத்தி, "அண்ணனுக்கும் ஒரு களைக்கொத்து குடுங்க, நம்மள மாதிரி பின்னாடியே நடந்து வீடு போய்ச் சேரட்டும்" என்றாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். அவர் கை தாழ்ந்தது.

என் உள்ளங்கையை விரித்தேன். பண்ணைக்காரர் நூறு, இருநூறு என்று எண்ணி வைத்தார். ஆயிரத்து முந்நூற்றிருபது வரும்வரை நான் கையை மடக்கவில்லை.