விழுந்தால் எழும்பக் கூடாத விளையாட்டு

ஓய்வுபெறும் வரை ஸ்டுட்கார்ட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், குறையுள்ள விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் இங்கிலாந்தில் படிக்கப்போன மகள் லீக் என்ற வகை றக்பி ஆடத் தொடங்கியதும் நான் முதலில் தேடியது விதிப்புத்தகத்தைத்தான். மனதுக்கு நிறைவாக இருந்தது. பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுபவளைப் பிடித்து விழுத்துவார்கள். பிறகு மரியாதையாக விலகுவார்கள். அவள் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவாள், ஆட்டம் தொடரும். ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. இவ்வளவு ஒழுங்கான அடிபிடியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேலை கிடைத்து மகள் திரும்பி வந்தாள். இங்குள்ள கழகம் ஆடுவதோ யூனியன் என்ற மற்ற வகை றக்பி. பதினைந்து பேர். விழுந்தவள் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். அதற்கு மேலே இரண்டு பக்கமும் முட்டித் தள்ளும். அன்னதானத்தில் சோறு முடியப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டது போல இருக்கும். பந்தோடு எழும்பினால் குற்றம்.

லீக் பழக்கம் போகாவிட்டால் இரண்டாம் அணிதான் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். பழக்கம் போய்விட்டதா என்று பார்ப்பதற்கு முதலாம் அணியோடு ஒரே ஒரு ஆட்டம் தந்தார். அந்தக் கிழமை மகள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நானும் மனைவியும் மைதானத்தின் ஓரக்கோட்டுக்கு அருகே குடையோடு நின்றோம். தொடங்கிய சற்று நேரத்தில் மகளை விழுத்தினார்கள்.

"எழும்பு பிள்ளை! எழும்பு!" என்று மனைவி கத்தினாள்.

மகள் சொல்வழி கேட்பவள். பந்தோடு எழும்பினாள். நடுவர் விசில் ஊதினார். எதிரணிக்குத் தண்ட உதை. பிறகு அதே விழுதல், அதே கத்தல், அதே விசில்.

"இஞ்சரும், எழும்பச் சொல்லாதையும். அது குற்றம்," என்றேன்.

"விழுந்த பிள்ளையைக் கிட எண்டோ சொல்லுறது?"

"ஓம். விதி அப்பிடித்தான்."

"உங்கட விதியைக் குப்பையில போடுங்கோ. பிள்ளைக்கு மேல ஒரு ஊரே ஏறி நிக்குது!"

இடைவேளையில் மகள் சேறும் மூச்சிரைப்புமாக வந்தாள். "அம்மா, உங்கட சத்தம் கேட்டால் கால் தானா எழும்புது. ரெண்டுபேரும் பேசாமல் நில்லுங்கோ, காணும்." நான் விதியை விளக்கத் தொடங்கினேன். முதல் உட்பிரிவு முடியுமுன்னே போய்விட்டாள்.

மனைவி சால்வையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

கடைசி நிமிடங்கள். நாங்கள் பின்தங்கியிருந்தோம். மகள் பந்தோடு எதிரணியின் எல்லையை நோக்கி ஓடினாள். இரண்டு பேர் இடுப்பில் பிடித்துச் சரித்தார்கள்.

"எழும்பு! எழும்பு!"

மனைவியின் வாயில் சால்வை இருந்தது. கத்தியது நான்.

ஆனால் மகளின் கையில் பந்து இல்லை. சரியும்போதே அதைத் தோளுக்குப் பின்னால் கூட்டாளிக்கு எறிந்திருந்தாள். அந்தக் கூட்டாளி எல்லையைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுத்தாள். வென்றோம். அடுத்த கிழமையும் முதலாம் அணிதான் என்று பயிற்றுநர் மகளின் முதுகில் தட்டிச் சொன்னார்.

"விழுந்தால் கட்டாயம் கத்துவியள் எண்டு தெரியும்," என்றாள் மகள். "அதுதான் விழ முதலே குடுத்திட்டன்."

மனைவி வாயிலிருந்து சால்வையை எடுத்தாள்.

"அடுத்த முறை உங்களுக்கும் ஒண்டு கொண்டுவாறன்."