அவர் கையாலேயே திருத்திய நம்பர்

பன்னிரண்டு வருஷம் ஒரு மேஸ்திரியிடம் படகு இன்ஜின் வேலை பார்த்துவிட்டு, தோணிரேவு என்கிற ஏரிக்கரை ஊரில் சொந்தமாகக் கடை போட்டேன். அவர் வந்து சிரித்த முகத்தோடு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

ஏரிக்கரை ஊர்களுக்கென்று வருஷா வருஷம் ஒரு வியாபார டெலிபோன் புத்தகம் அச்சாகி வரும். ஐஸ், டீசல், வலை, மெக்கானிக் என்று வகைவாரியாக நம்பர்கள். டீக்கடைகளிலும் ஐஸ் கடைகளிலும் ஆணியில் தொங்கும். அந்த வருஷம் என் கடைப் பெயரும் அதில் ஏறியது. ஆனால் எனக்கு வந்துகொண்டிருந்த போன்களும் அந்த மாதத்தோடு குறைந்துபோயின. சும்மா உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பக்கத்து ஊரான பசியாவரத்துப் படகுக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, நீ கடைய மூடிட்டேனு சொன்னாங்களே?"

"யாரு சொன்னது?"

"புக்குல போட்டுக்கிற உன் நம்பருக்குத்தான் அடிச்சேன். மேஸ்திரிதான் எடுத்தாரு. அவன் மூடிட்டான், இன்ஜின இங்க எடுத்துகினு வாங்கனு சொன்னாரு."

டீக்கடைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். என் கடைப் பெயருக்கு எதிரே இருந்தது மேஸ்திரியின் இரண்டாவது போன் நம்பர். விசாரித்தபோது தெரிந்தது: புத்தகத்துக்கு விவரம் சேகரிக்க வந்தவரிடம், நான் ஊரில் இல்லையென்று சொல்லி அவரே கொடுத்திருக்கிறார். அவர் கடைக்குப் போய்ச் சண்டை போடவில்லை. விஷயத்தை நேராக ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்தேன்.

கூட்டத்தில் மேஸ்திரி அலட்சியமாகத்தான் பேசினார். "செல்போன் காலத்துல அந்தப் புக்க எவன் பாக்குறான்?"

பசியாவரத்துக்காரர் எழுந்தார். "நான் பாக்குறேன். மூணு போன ஏரில வுட்டுட்டேன். ஒவ்வொரு தபாவும் நம்பரெல்லாம் பூடுச்சு. புக்கு ஆணியிலயே தொங்குது."

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி தலை குனிந்தார். அபராதம் போடலாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

"பணம் வேணாம். புக்கு எங்கெங்க தொங்குதோ, அங்கெல்லாம் வந்து, ஜனங்க எதிர்ல, அவர் கையால என் நம்பர எழுதணும்" என்றேன். பெரியவர்களும் சரியென்றார்கள்.

மறுநாள் காலையிலேயே அவரை என் படகில் ஏற்றினேன். நீலப் பேனாவை நானே வாங்கி வைத்திருந்தேன். முதல் ஐஸ் கடையில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு வந்த பெண்கள் ஈரச் சேலையோடு சுற்றி நின்றார்கள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தில் இருந்த தன் நம்பரைக் கோடு போட்டு அடித்தார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, எழுதினார்.

"எதுக்கு மேஸ்திரி எழுதறாரு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

சொன்னார். குரல் எழும்பவே இல்லை. கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சொன்னார்.

நாலாவது ஊரில், வெயில் ஏறியிருந்தது. "போதும்பா. மீதிய நீயே எழுதிக்கோ. எனக்கு வயசாச்சு" என்றார்.

"இன்னும் ஏழு கடை கீதுண்ணே" என்று சொல்லி இன்ஜினைக் கிளப்பினேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அவருக்கு உழைத்த முதுகு என்னுடையது. அதைக் காட்டிக்கொண்டே படகை ஓட்டினேன்.

கடைசிக் கடையில் அவர் எழுதிய எண்கள் கோணலாக இருந்தன. ஒன்று என்ற எண் ஏழு மாதிரித் தெரிந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன்.

அந்த வாரமே வேலை வரத் தொடங்கியது. பாதிப் பேர் இன்ஜினுக்காக வரவில்லை, கதை கேட்க வந்தார்கள். நானும் சலிக்காமல் சொன்னேன். அவரை மன்னித்துவிடு என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். மேஸ்திரியைப் படகுத்துறையில் பார்த்தால் நான்தான் முதலில் வணக்கம் சொல்கிறேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக.