மலை ஆந்தைக்கு இங்கிலீஷ் தெரியுமா

வாணியம்பாடியில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் மெயிலைப் படித்து, சங்கதி என்னவென்று முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த ஆட்கள் நேராக எதையும் சொல்லித் தொலைக்கமாட்டார்கள். இரண்டு வரிக்கு ஒரு மிருகத்தை அவிழ்த்துவிடுவார்கள். அவசரப்படாதே என்பதற்கு, உன் குதிரைகளைப் பிடித்துக்கொள் என்பார்கள். ரகசியம் வெளிப்பட்டால் பையிலிருந்து பூனை வந்துவிட்டது என்பார்கள். பூனைக்குட்டி நம்மிடமும் வெளியே வருவதுதான், அதை விடுங்கள்.

ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த பெண்ணை ஒரு வியாபாரி 'கறுப்புக் குதிரை' என்று எழுதிவிட்டார். யாரும் எதிர்பாராமல் ஜெயிக்கிறவள் என்று பாராட்டுகிறார். அவளோ கறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "அடி கழுதை, உன்ன புகழ்ந்திருக்காங்கடி, துன்னு" என்றேன். கழுதைக்கு அவள் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அதே வியாபாரி எனக்கும் ஒரு பீங்கான் கோப்பை அனுப்பினார். அதில் முட்டைக்கண்ணோடு ஓர் ஆந்தை. இங்கிலீஷில் ஆந்தை என்றால் அறிவாளி. கால் தரையில் பாவாமல் ஆலங்காயத்துக்கு பஸ் ஏறி, வீட்டுச் சமையலறை அலமாரியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன்.

அப்போது நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஜவ்வாது மலைமேல் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய தலைச்சன் பிள்ளை, பிறந்த தீட்டு கழிவதற்குள் போய்விட்டது. அதற்கு முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தில் ஆந்தை அலறியதாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிடும். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

கோப்பையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி இது?"

"பயப்படாத. இங்கிலீஷ்ல ஆந்தைன்னா ரொம்ப அறிவுன்னு அர்த்தம்."

"சரி அண்ணி. நம்ம மலை ஆந்தைக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

சுருக்கென்று கோபம் வந்தது. ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கை வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தது. மறுநாளே கோப்பையை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசையில் பேனா போட்டு வைத்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமியார் வாசலில் முறத்தோடு காத்திருந்தார். ஒன்று போய் அடுத்தது பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் முறத்தில் கிடத்தி எடுத்து, குப்பை, பிச்சை என்று ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். முறத்தில் கிடத்தி எடுத்தாயிற்று. மாமியார் குப்பை என்று கூப்பிட வாயெடுத்தார்.

"குப்பை வேணாம்மா," என்றாள் நாத்தனார். மடியில் குழந்தை கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆந்தைன்னு கூப்டு."

மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வாயக் கழுவுடி. போயும் போயும் அந்தப் பேரா?"

"குப்பைய யாரு வேணா அள்ளிக்கினு போய்டுவாங்க. ஆந்தையத்தான் யாரும் வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. எமனும் சேக்க மாட்டான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இத்தனை நாள் எதைக் கண்டு நடுங்கினாளோ, அதையே பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டாள். இங்கிலீஷில் அதற்கு என்ன அர்த்தமாக இருந்தால் எனக்கென்ன. நான்தான் முதலில், "ஆந்தே" என்று கூப்பிட்டேன்.

அந்த வாரமே, "அந்தக் கப்பு எங்க அண்ணி, எட்த்தாந்துடுங்க" என்றாள். பேனாக்களைக் கொட்டிவிட்டு எடுத்துவந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. மலையிலிருந்து வந்தால் ஆந்தை அந்தக் கோப்பையில்தான் பால் குடிப்பாள். போன வாரமும் வந்திருந்தார்கள். "ஏ ஆந்தே, பால் ஆறிப்போவுது பாரு" என்று அடுப்படியிலிருந்து அவள் அம்மா சத்தம் போட்டாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள், "வர்றேன்மா" என்று ஓடிவந்தாள்.