அலுமாரியில் ஒரு புரொப்பெல்லர்

இங்கே தண்ணீர் சூடாகாமலே கொதிக்கிறது. நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், கண்ணாடி வைத்த பெரிய குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டு, புரொப்பெல்லரைச் சுழற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவோம். ஒரு கட்டத்தில் இதழ்களின் முதுகில் வெள்ளைக் குமிழிகள் கிளம்பும். தொட்டால் குளிர்ந்த தண்ணீர்தான். ஆனால் அந்தக் குமிழிகள் உடைந்து உடைந்தே உலோகத்தை அரித்துவிடும். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பகல் முழுக்க ஒருவரோடும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். பல நாள் அப்படித்தான் போகிறது.

போன வருடம் தம்பி ரவி தன் படகின் புரொப்பெல்லரைப் படம் எடுத்து அனுப்பினான். மட்டக்களப்பு முகத்துவாரத்தால் கடலுக்குப் போய் மீன் பிடிப்பவன் அவன். இதழ்கள் அம்மைத் தழும்பு முகம்போல் இருந்தன. ஊரில் எனக்கும் ஒரு வேலை வந்துவிட்டதென்று பெருமை தாங்கவில்லை. படகின் எடை, பின்னால் தொங்கும் என்ஜினின் வலு எல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டேன். அகலமான இதழ், கொஞ்சம் பெரிய விட்டம், குமிழி குறையும். வாங்கி அனுப்பினேன். கேட்கும்போதெல்லாம், "சோக்கா இரிக்கி அண்ணன்" என்பான்.

போன ஞாயிறு வீடியோவில் அவன் மனைவி புது அலுமாரியைக் காட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் என் புரொப்பெல்லர் மினுங்கியது. ரவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"முகத்துவாரத்தில மணல் தட்டும்தானே அண்ணன், என்ஜினத் தூக்கித்தானே வரணும். இது பெரிசு, தண்ணிக்கு மேல வந்து காத்த இழுத்துப்போட்டுது. என்ஜின் கத்துது, படகு போகுதில்ல. அலை பக்கத்தால அடிச்சுது. வலை போயிற்று, நாங்க தப்பிற்றம்."

"ஏன்டா சொல்லல்ல?"

"ஆசையா அனுப்பினீங்க. மனம் நோகும் எண்டுதான்."

என்ஜினைத் தூக்க வேண்டும் என்பதை நான் மறந்தேபோயிருந்தேன். அதே முகத்துவாரத்தால் எத்தனை வருடம் படகு விட்டவன்! ஒருமுறை தூக்கப் பிந்தி மணலில் இடித்துவிட்டேன். என்னைவிட ஐந்து வயது இளைய ரவி, கரையில் நின்ற எல்லோருக்கும் முன்னால், "கண் தெரியாதா உனக்கு?" என்று கத்தினான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இப்போது சாகப் பார்த்தவன், சோக்கா இருக்கிறது என்கிறான். விருந்தாளியிடம்தான் அப்படிச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கு இது புதிதாக இராது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கூட வேலை செய்யும் லார்ஸிடம், எங்கள் படகுகள் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரவியை அழைத்தேன். "வாய்க்கு வந்தபடி ஏசுடா. எவ்வளவு தண்ணி, எவ்வளவு தூக்குறாய், எல்லாம் சொல்லு. வேற ஒண்டு பார்க்கிறன்."



"அத விடுங்க அண்ணன். அங்க இப்ப சரியான குளிரோ?"

யூலை மாத வெயில். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, பெனியனோடு வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம்," என்றேன். "சரியான குளிர்."